ஒரு நூலுக்குள் அடங்கும் பலகைக்கு எந்த வெர்னியர்?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்குக் கல்லிடைக்குறிச்சி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு அப்பாவோடு மரவேலை பார்க்கிறேன். அப்பா ஆசாரி, கதவு நிலை கட்டில்தான் எங்கள் பிழைப்பு. ஸ்டீல் கம்பி போட்ட கிட்டார் ஒன்று சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மேல்பலகைக்கு ஸ்புரூஸ் மரம் வரவழைத்துவிட்டேன். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் வீட்டில் கிடக்கும் பழைய கட்டிலின் ஈட்டி மரப் (ரோஸ்வுட்) பலகை இருக்கிறது. இனி பலகையின் தடிமனை அளக்க வெர்னியர் வாங்க வேண்டும். ஆன்லைனில் 400 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் டிஜிட்டல், 1,500-க்கு ஸ்டீல் டிஜிட்டல், 7,000 பக்கத்தில் மிட்டுடோயோ கம்பெனியுடையது என்று காட்டுகிறது. கையில் 5,000 இருக்கிறது, இரண்டு மாதம் பொறுத்தால் 7,000 சேர்த்துவிடுவேன். பொறுக்கவா, இப்போதே வாங்கவா? அப்பாவோ, "வெர்னியர் எதுக்குலே, நூல் கணக்குப் பத்தாதா" என்கிறார்.

பதில்: தம்பி, பொறுக்க வேண்டாம். அந்த 1,500 ரூபாய் ஸ்டீல் டிஜிட்டலை வாங்குங்கள், மிச்சப் பணத்தில் ஒரு டயல் கேஜும் (ஊசி அமுங்கும் அளவை முள் சுற்றிக் காட்டும் கருவி) ஒரு ஃபீலர் கேஜும் (சந்தின் அகலம் பார்க்கும் மெல்லிய தகடுகள்) வாங்குங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, முதல் கிட்டார் செய்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் விழுகிறார்கள், நானும் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் நூல் கணக்கு. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மில்லிமீட்டர். ஸ்டீல் கம்பிக் கிட்டாரின் ஸ்புரூஸ் மேல்பலகை 2.5-இலிருந்து 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஈட்டியில் பின்பலகை 2.4 பக்கம், சூடு காட்டி வளைக்கிற பக்கப் பலகை 2 சொச்சம். ஆக உங்கள் கிட்டாரின் உடம்பு முழுக்க ஒரு நூலுக்குள் அடங்கிவிடுகிறது, அப்பாவின் டேப்பில் அது ஒரே ஒரு கோடு. கதவு நிலைக்கு அந்தக் கோடு போதும், இதற்குப் போதாது. பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். 2.5 இருக்க வேண்டிய பலகை 2.8 இருந்தால் தடிமனில் 12 சதவீதம்தான் கூடுதல், விறைப்பிலோ 40 சதவீதம் கூடிவிடுகிறது. கையில் தட்டினால் கட்டைச் சத்தம் கேட்பது இதனால்தான்.

அப்படியானால் எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும்? அதே 2.5-இல் 0.1 மில்லிமீட்டர் கூடினால் விறைப்பு 12 சதவீதம் மாறுகிறது, அது கவலைப்பட வேண்டிய விஷயம். 0.01 கூடினால் ஒரு சதவீதம் சொச்சம். ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளுக்கு நடுவிலேயே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். அதனால் 0.05 வரைக்கும் நம்பலாம் என்கிற கருவி உங்களுக்குப் போதும், 0.01 என்று திரையில் ஓடுவது பார்க்க அழகு, அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் வெர்னியர் வந்த அன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். ஸ்புரூஸ் துண்டு ஒன்றை எடுத்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அதே இடத்தில் ஐந்து தடவை அளந்து எழுதுங்கள். 2.61 வரும், அப்புறம் 2.57, அப்புறம் 2.63. கருவியில் கோளாறு இல்லை. ஸ்புரூஸ் மெத்தென்ற மரம், பொருளைக் கவ்வுகிற தாடையை எவ்வளவு அழுத்தி மூடுகிறீர்களோ அந்த அளவுக்கு அமுங்கிக் கொடுக்கும், பலமாக அழுத்தினால் நகம் பட்ட மாதிரித் தழும்பே விழும். கட்டைவிரல் உருளையைத் தள்ளி, தாடை மரத்தைத் தொட்டதும் நிறுத்திப் பழகுங்கள். இந்தக் கை வருவதற்கு ஒரு வாரம் ஆகும். 7,000 ரூபாய்க் கருவி வாங்கினாலும் இந்தக் கை தனியாகத்தான் வர வேண்டும்.

மிட்டுடோயோவைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்தால் கையில் உட்காருகிற விதமே வேறு, பேட்டரியும் வருஷக் கணக்கில் வரும், இரும்பு கடைகிறவர் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். (அந்தப் பெயரில் போலியும் நிறைய உலவுகிறது, நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாதீர்கள்.) பிளாஸ்டிக்கை மட்டும் கண்டிப்பாக விடுங்கள், அழுத்தினால் தாடை விரிந்து வளைகிறது, அளவு அதிலேயே போய்விடும்.

வெர்னியர் மாதிரியே இருந்து, திரைக்குப் பதில் முள் ஓடும் டயல் காலிப்பரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் யாராவது "பேட்டரியே வேண்டாம், அதை வாங்கு" என்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன். அதன் உடம்பில் ஒரு பல்வரிசையும் அதன்மேல் ஒரு சின்னப் பல்சக்கரமும் உண்டு, சக்கரம் ஓட ஓட முள் சுற்றும். ஒருநாள் ஃபிங்கர்போர்டில் (விரல் வைத்து வாசிக்கிற பலகையில்) சிப்பிப் புள்ளி பதிக்கிற வேலை, சிப்பித் தூள் பல்வரிசைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் ஒரு பல்லைத் தாண்டிக் குதித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பூஜ்யம் பார்க்காமல் நேராக ஒரு ஈட்டிப் பக்கப் பலகையை அளந்து அளந்து இழைத்தேன். முள் 2.1 காட்டியது, பலகை நிஜத்தில் ஒன்றரை. சூட்டுக் குழாயில் வைத்து இடுப்பு வளைவுக்குக் கொண்டு வந்தபோது அப்பளம் மாதிரி ஒடிந்தது. (அப்பள ஊர்க்காரரிடம் சொல்கிறேன், மன்னியுங்கள்.) தப்பு என்னுடையதுதான், மூடி பூஜ்யம் பார்க்கப் பத்து நொடிகூட ஆகாது. ஆனாலும் தூள் பறக்கிற பட்டறைக்கு அந்தக் கருவி ஏற்றதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கோடு பார்த்துப் படிக்கிற சாதா வெர்னியரில் குதிக்கப் பல்லும் இல்லை, தீரப் பேட்டரியும் இல்லை. பியர் வெர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1631-இல் வெளியிட்ட அளவுகோல் முறை, இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது, நம் லேத் பட்டறைகளில் டிஜிட்டலைக்கூட அவர் பெயரில்தான் கூப்பிடுகிறோம். பாலிடெக்னிக்கில் படித்தவருக்கு அதைப் படிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை, எனக்குத்தான் வெள்ளெழுத்து விழுந்தபிறகு 0.02 கோடு எது எதோடு ஒட்டுகிறது என்று ஜன்னலோரம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இருந்தும் உங்களுக்கு டிஜிட்டலைச் சொல்வதற்குக் காரணம் வேறு. கிட்டார் வரைபடங்கள் பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) அகலம் ஒன்றே முக்கால் என்பான், நாம் 44.45 என்று மாற்ற வேண்டும், சேடில் (கீழ்முனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) தடிமன் முப்பத்திரண்டில் மூன்று என்பான், அது 2.38. பொத்தானை அமுக்கினால் அங்குலமும் மில்லிமீட்டரும் மாறுகிற வசதி அங்கே ரொம்பக் கைகொடுக்கும். எந்த அளவிலும் பூஜ்யம் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னும் பெரிய வசதி. ஒரு பலகைக்குப் பூஜ்யம் வைத்துவிட்டு அடுத்ததை அளந்தால் வித்தியாசம் மட்டும் திரையில் நிற்கும், கிட்டார் வேலையில் பாதி இப்படி ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதுதான்.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்டது. 150 மில்லிமீட்டர் வெர்னியரின் தாடை ஆழம் 40 மில்லிமீட்டர் அளவுதான். டிரெட்நாட் என்கிற பெரிய உடம்பு வடிவக் கிட்டாரின் கீழ்ப்பகுதி அகலம் 397 மில்லிமீட்டர் பக்கம். ஆக, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்த வெர்னியர் உங்கள் மேல்பலகையின் ஓரத்தைத்தான் சுற்றிச் சுற்றி அளக்கும், நடுவுக்குப் போகவே போகாது. இழைப்புளி ஓடும்போது ஓரம் எப்போதும் நடுவைவிடச் சீக்கிரம் தேயும், அது அப்பாவுக்குத் தெரியும். ஓரத்தில் 2.7 பார்த்துத் திருப்திப்பட்டுப் பிரேஸ் (பலகையை உள்பக்கம் தாங்கும் சட்டம்) ஒட்டிவிடுவோம், நடுவில் 3.2 இருக்கும். என் முதல் கிட்டார் அப்படித்தான் ஆனது, இன்னமும் அது பெட்டியைத் தட்டுகிற மாதிரிப் பேசுகிறது.

அதற்குத்தான் டயல் கேஜ் வாங்கச் சொன்னேன். 10 மில்லிமீட்டர் ஓட்டமும் 0.01 பிரிவும் உள்ள சாதாரண டயல் கேஜ். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை, ப எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி வெட்டுங்கள், உள்ளே தொண்டை ஆழம் 220 இருக்கட்டும், கைகளின் அகலம் 70-க்குக் குறைய வேண்டாம். இரண்டு பிளைவுட்டைச் சேர்த்து ஒட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் கை வளைந்து கொடுத்தால் கேஜ் பொய் சொல்லும். மேல்கையின் நுனியில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு டயல் கேஜின் தண்டை இறுக்குங்கள், நேர் கீழே அடிக்கையில் தலை உருண்டையான ஒரு போல்ட். இரண்டும் தொட்டு நிற்கும்போது டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பலகையை உள்ளே நுழைக்கும்போது கேஜின் ஊசியைக் கையால் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்புரூஸில் கோடு கிழிக்கும். அப்புறம் பலகை முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி பென்சிலில் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவை எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று நிலத்துக்குச் சர்வே எடுத்த மாதிரி பலகைமேலேயே தெரியும். மேட்டை மட்டும் இழையுங்கள், எண்கள் சீவலோடு போகும், மறுபடி எழுதுங்கள். மூன்று சுற்றில் பலகை சமமாகிவிடும். பெட்டியை மூடி ஒட்டியபிறகும் தடிமன் பார்க்க ஹாக்லிங்கர் என்று காந்தம் வைத்த கேஜ் உண்டு, விலை அதிகம், உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வெர்னியர் கைக்கு வந்ததும் அதைச் சோதிக்காமல் வேலையில் இறங்கக் கூடாது, ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாளுக்குள் முடித்துவிடுங்கள். தாடைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி, தாளை மெல்ல உருவுங்கள், தூளும் எண்ணெயும் தாளோடு வந்துவிடும். அப்புறம் மூடிய தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முழு நீளத்துக்கும் இருட்டாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வெளிச்சக் கீற்று தெரிந்தால் தாடை கோணல். பூஜ்யம் வைத்து, வேகமாகத் திறந்து மூடுவதைப் பத்துத் தடவை செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்கோ அதிகம் போனால் 0.01-க்கோ திரும்பி வர வேண்டும்.

பூஜ்யம் சரி, மற்ற அளவுகள் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கென்று இருக்கும் ஸ்லிப் கேஜ் என்ற அளவுக்கட்டைகளின் விலைக்கு இன்னொரு கிட்டார் செய்துவிடலாம். பேரிங் கடையில் போய் ஒரு 608 பேரிங் வாங்குங்கள், சிறுசுதான், வெளிவட்டம் 22 மில்லிமீட்டர், உள்துளை 8. 6203 கிடைத்தால் அதையும் வாங்குங்கள், வெளியே 40, உள்ளே 17. நல்ல கம்பெனி பேரிங்கில் இந்த விட்டங்கள் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும், அதைவிட மலிவான அளவுகோல் நமக்குக் கிடைக்காது. ஆனால் பேரிங்கின் அகலத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதற்கு அனுமதித்திருக்கும் தளர்வு விட்டத்தைவிட எத்தனையோ மடங்கு அதிகம். 22 வட்டத்தைத் தாடையின் அடியில் வைத்து ஒரு தடவை, நுனியில் வைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.03-க்கு மேல் வித்தியாசம் வந்தால் நகரும் தாடை ஆடுகிறது, திருப்பி அனுப்பிவிடுங்கள். நல்ல கருவியிலும் நுனியில் அளப்பதைவிட அடியில் அளப்பதுதான் சரி, அளக்கிற பொருள் கருவியின் உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போகப் பிழை கூடும்.

துளை அளக்கும்போது இன்னொரு சங்கதி. மேலே இருக்கும் சின்னத் தாடைகளின் விளிம்பு கத்தி மாதிரிக் கூர்மையாக இருக்காது, கொஞ்சம் தட்டையாக இருக்கும், அதனால் சின்னத் துளையை எப்போதும் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணிக் குடுமி போடும் துளையை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குடுமியின் குழாயை வெளித்தாடையில் அளந்து, வீண் துண்டு ஒன்றில் துளை போட்டு நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலைப்பகுதியில் டிரில்லை வைக்க வேண்டும். புது டிரில் பிட் வாங்கினால் அதையும் அளங்கள், மேலே எழுதியிருக்கும் நம்பர் ஒன்று, போடுகிற துளை ஒன்று என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

ஃபிரெட் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) விஷயத்தில் வெர்னியருக்கு ஒரே வேலைதான் உண்டு. வீணைக்கு மேளம் கட்டுகிறவர், அதாவது மெட்டு வைக்கிறவர், 24 மெட்டையும் மெழுகில் உட்கார வைக்கிறார், சுருதி ஒட்டவில்லை என்றால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்வார். நமக்கு அந்தச் சலுகை இல்லை, ரம்பம் ஓடிய இடம் ஓடியதுதான். அதனால் ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததற்கு வெர்னியரை வைத்து அளந்து அளந்து போகவே போகாதீர்கள், ஒவ்வொரு அடியிலும் 0.1 ஒரே பக்கமாகப் பிசகினால் இருபதாவது ஃபிரெட்டில் 2 மில்லிமீட்டர் போய்விடும். நீள ஸ்டீல் ஸ்கேலை அசையாமல் ஒட்டிவைத்து எல்லா அளவையும் நட்டிலிருந்தே குறியுங்கள். கம்பி அதிரும் நீளம் 645.16 என்றால் முதல் ஃபிரெட் 36.21-இல், பன்னிரண்டாவது 322.58-இல். வெர்னியரின் வேலை எதுவென்றால், ஃபிரெட் கம்பியின் அடிநாக்கை (பிளவுக்குள் இறங்கும் பகுதியை) அளப்பது. அது 0.5 பக்கம் இருக்கும், கம்பிக்குக் கம்பி மாறும். ரம்பம் வாங்கும் முன் கம்பியை வாங்கி அளந்துவிடுங்கள். வெட்டிய பிளவின் அகலத்தை ஃபீலர் கேஜில் பாருங்கள், எனக்கு 0.58 சரியாக வருகிறது. பிளவு இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரு ஆப்பு, இருபது ஆப்பு அடித்தால் நெக் (கழுத்து) பின்பக்கமாக வளையாமல் என்ன செய்யும்?

நட்டில் கம்பி பிரிப்பது வெர்னியர் அழகாகச் செய்கிற வேலை. 12-இல் தொடங்கி 53-இல் முடிகிற (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) கம்பி செட்டில் மெல்லிய கம்பி 0.30, அப்புறம் 0.41, 0.61, 0.81, 1.07, கடைசித் தடித்தது 1.35. கம்பிகளின் மையத்துக்கு மையம் சமமாகப் பிரித்தால் தடித்த பக்கம் நெருக்கியடித்த மாதிரி இருக்கும், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள சந்துதான் சமமாக இருக்க வேண்டும். 43 மில்லிமீட்டர் நட்டில் மெல்லிய பக்கம் 3, தடித்த பக்கம் 3.5 விட்டால் மிச்சம் 36.5. கம்பிகளின் தடிமன் எல்லாம் கூட்டினால் 4.55, அதைக் கழித்து ஐந்தால் வகுத்தால் 6.39. அந்த 6.39-ஐ வெர்னியரில் வைத்துப் பூட்டித் திருகை இறுக்கி, சின்னத் தாடையால் சந்தைச் சரிபார்த்துக்கொண்டே போகலாம். தாடை நுனியால் நட்டின் எலும்பில் கீறிக் குறி போட மட்டும் வேண்டாம், நுனி மழுங்கினால் வெர்னியர் போச்சு. கீற ஊசி இருக்கிறது.

நம் பக்கத்துச் சீதோஷ்ணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் காற்று உங்கள் ஊர் வரைக்கும் வரும், மரம் ஈரம் குடித்து உப்பும். ஸ்புரூஸின் தடிமன் அதில் நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர்தான் மாறும், உங்கள் 0.01 ஆசை அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் அகலவாக்கில் அதே பலகை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரியும். அதனால் பிரேஸ் ஒட்டுவதை மழை நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள், பங்குனி வெயிலில் பலகை சுருங்கி வெடிக்கும். டிஜிட்டல் வெர்னியருக்கும் ஈரம் ஆகாது, அளவுப் பட்டையில் வியர்வை பட்டால் எண் தானாக ஓடும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். வேலை முடிந்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், மலிவான டிஜிட்டலில் திரை அணைந்தாலும் உள்ளே மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். மாற்றும்போது எல்ஆர்44 வேண்டாம், எஸ்ஆர்44 கேளுங்கள், கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் கடைசி வரை மின்னழுத்தம் இறங்காமல் நிற்கும். எண்கள் மினுக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அளந்த எதையும் நம்பாதீர்கள்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டில் பலகையில் எங்கெங்கே ஆணி அடித்திருந்தது என்பது அவருக்கு நினைவிருக்கலாம். இழைப்புளி போடும் முன் ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பித்தளை ஆணி காந்தத்துக்குச் சிக்காது, அதற்கு அப்பாவின் நினைவுதான் வழி.